நீர்மேல் ஒரு பொய்த் தவளை

விரால் பிடிக்கப் புதிதாகத் தூண்டில் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் நிற்பது லூர் எனப்படும் பொய் இரைகள் தொங்கும் சுவருக்கு முன்னால்தான். பச்சைத் தவளை, மஞ்சள் வயிற்றுத் தவளை, வாலில் விசிறி சுழலும் குச்சி, வாயைப் பிளந்தபடி ஒரு பாப்பர் என்று நாலைந்தை அள்ளிக்கொண்ட பிறகுதான், "இதுக்குத் தகுந்த மாதிரி ஒரு ராட் குடுங்கண்ணே" என்பார். லைன் கடைசி. ரீலில் ஏற்கெனவே சுற்றிக் கிடப்பதே போதும் என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. இந்த வரிசை தலைகீழானது. நீரின் மேற்பரப்பிலேயே லூரை ஓட்டி மீன் பிடிக்கும் டாப்வாட்டர் முறையில் முதலில் முடிவு செய்ய வேண்டியது லைன். அடுத்தது ராட். லூருக்கு மூன்றாவது இடம்தான். காரணம் மீனிடமும் அது வாழும் இடத்திடமும் இருக்கிறது.

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. செவுளுக்கு மேலே, தலைக்குள், காற்றை வாங்கி வைத்துக்கொள்ள ஓர் அறை உண்டு. வளர்ந்த விரால் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கியே ஆகவேண்டும். மேலே வரவிடாமல் தடுத்தால் நல்ல தண்ணீரிலும் மூச்சுமுட்டிச் செத்துவிடும். கோடையில் வற்றிக் கலங்கிய குட்டையில் மற்ற மீன்கள் மிதக்கும்போது இது மட்டும் உயிரோடு கிடப்பதும், சந்தையில் கொஞ்சம் தண்ணீர் விட்ட தொட்டியில் துள்ளத் துள்ள விற்கப்படுவதும் இதனால்தான். ஆகவே நீரின் மேல்மட்டம் விராலுக்கு அன்றாடம் புழங்கும் இடம். தாமரை இலைக்கடியிலோ சம்புப் புதரின் ஓரத்திலோ அசையாமல் நின்று, மேலே போகும் தவளையையும் சிறுமீனையும் ஒரே பாய்ச்சலில் வாங்கிவிடும். அதன் உறவுக்காரர்களான குரவைக்கும் அவிரிக்கும் இதே குணம்தான்.

கீழே நிற்கும் மீனுக்கு மேலே போகும் இரை எப்படித் தெரிகிறது? ஒளி காற்றிலிருந்து நீருக்குள் நுழையும்போது வளைகிறது. அந்த வளைவால் வெளியுலகம் முழுவதும் மீனின் தலைக்கு மேல் சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டச் சன்னலுக்குள் சுருங்கித் தெரியும். சன்னலுக்கு வெளியே உள்ள நீர்ப்பரப்பு, அடியிலிருந்து பார்க்கையில், குளத்தின் அடியையே திருப்பிக் காட்டும் கண்ணாடி. சன்னலுக்கு வெளியே லூர் மிதக்கும்போது மீனுக்குத் தெரிவது நீருக்குள் அமிழ்ந்திருக்கும் வயிறும் காலும் மட்டுமே. சன்னலுக்குள் வந்துவிட்டால் வெளிச்சமான வானத்தின் முன்னால் ஒரு கறுத்த நிழலுருவம். முதுகில் எவ்வளவு நுணுக்கமாகப் புள்ளி வைத்திருந்தாலும் அதைப் பார்ப்பவர் கடைக்கு வந்த நாம்தான். வயிற்றின் நிறம் ஓரளவு பொருட்படுத்தத் தக்கது. அந்தி மங்கலில் கறுப்பு வயிறு நன்றாக எடுபடும் என்று பழகியவர்கள் சொல்வதற்கு இந்த நிழலுருவக் கணக்கே காரணம். கண்ணுக்கு எட்டாததை உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு சொல்லிவிடும். நீரின் மெல்லிய அதிர்வைக்கூட அது வாங்கிக்கொள்ளும். லூர் எந்த நிறம் என்பதைவிட எப்படி அசைகிறது என்பது முக்கியமாவது இதனால்தான்.

இனி லைன். ஊர்க் குளங்களில் நமக்குப் பழக்கமானது நைலான் நரம்பு. இலங்கையிலும் நம் கடலோரங்களிலும் தங்கூசி என்பார்கள். ஒரு கன சென்டிமீட்டர் நன்னீர் ஒரு கிராம் எடை. அதே அளவு நைலான் 1.14 கிராம். அதாவது நைலான் மெல்ல மூழ்கும். கண்ணுக்குத் தெரியாது என்று விலை வைத்து விற்கப்படும் ஃப்ளூரோகார்பன் 1.78 கிராம், போட்டதும் இறங்கிவிடும். பிரெய்டு எனப்படும் பின்னல் லைன் செய்யப்படும் பாலிஎத்திலீன் இழை 0.97 கிராம்தான். அது மிதக்கும்.

இந்தச் சின்ன வித்தியாசம் மேற்பரப்பில் பெரிய வித்தியாசமாகிவிடுகிறது. முப்பது அடி தூரத்தில் பாப்பர் மிதக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் உள்ள லைன் மூழ்கிக் கிடந்தால், இழுக்கும்போது அது லூரின் மூக்கைக் கீழ்நோக்கி வாங்கும். தண்ணீரைத் துப்பிச் சத்தம் போட வேண்டிய பாப்பர் முங்கி முங்கி வரும். லூரைக் குறை சொல்வோம். தவறு லைனில் இருக்கும். ஆழத்தில் ஓடும் லூருக்கு ஃப்ளூரோகார்பன் அருமையான பொருள். மேல்தண்ணீருக்கு அதை யார் சிபாரிசு செய்தாலும் வாங்க வேண்டாம்.

இரண்டாவது விஷயம் இழுபடும் தன்மை. நைலான் அறுபடுவதற்கு முன் தன் நீளத்தில் கால் பங்கு வரைகூட நீளும். பிரெய்டு நூற்றுக்கு மூன்று நான்கு பங்குக்கு மேல் நீளாது. தாமரைக்கு நடுவே விராலின் எலும்பான வாயில் தடித்த முள்ளை ஏற்றவேண்டும். நாம் கொடுக்கும் சுண்டல் நைலானில் பாதி வழியிலேயே கரைந்துவிடும், பிரெய்டில் முழுதாகப் போய்ச் சேரும். கொடிகளை அறுத்துக்கொண்டு வருவதிலும் பிரெய்டுக்கே வேகம். துப்பாக்கிக் குண்டு துளைக்காத கவசங்களிலும் கப்பல் கட்டும் வடங்களிலும் இருப்பது இதே வகை இழைதான். 50 பவுண்டு தாங்கும் பிரெய்டின் பருமன் 12 பவுண்டு நைலானின் பருமன்தான் என்றால் அதன் வலு புரியும்.

பெட்டியில் 'பிஇ 2', 'பிஇ 4' என்று போட்டிருப்பது ஜப்பானியர்களின் பருமன் கணக்கு. பிஇ 1 என்பது 0.165 மில்லிமீட்டர். எண் நான்கு மடங்கானால் விட்டம் இரண்டு மடங்காகும்; பிஇ 4 என்றால் 0.33 மில்லிமீட்டர். கொடி மண்டிய குளத்தில் விராலுக்கு 40 முதல் 50 பவுண்டு வரை தாங்கும் பிரெய்டு வேண்டும். அரைக் கிலோ மீனுக்கு இவ்வளவா என்று தோன்றும். மீனோடு அது சுற்றிக்கொள்ளும் இரண்டு கிலோ பாசியையும் சேர்த்துத்தான் இழுக்கப்போகிறீர்கள்.

பிரெய்டுக்குச் சில கெட்ட பழக்கங்களும் உண்டு. வழவழப்பானது என்பதால் ரீலின் சுருளில் நேரே சுற்றினால் மொத்தச் சுருளும் சறுக்கிச் சுழலும். முதலில் சில சுற்று நைலான் சுற்றி, அதன்மேல் பிரெய்டைக் கட்டவேண்டும். நைலானுக்குப் போடும் முடிச்சுகள் பல இதில் வழுக்கி அவிழும். லைனை இரட்டையாக மடித்து வளையத்துக்குள் விட்டுப் போடும் பாலோமர் முடிச்சு நிற்கும். பிரெய்டு மிகவும் துவளும் ஆதலால், திறந்த நீரில் மூன்று முள் கொண்ட லூரோடு போட்டால் அந்த முட்களிலேயே சிக்கிக்கொள்ளும். அங்கே மட்டும் நுனியில் ஒன்றரை அடி விறைப்பான நைலானை லீடராகக் கட்டலாம். தவளைக்கு லீடர் தேவையில்லை, நேராகக் கட்டுங்கள்.

விரால் முள்ளில் மாட்டிய பின் என்ன செய்யும் என்பதைத் தமிழில் மிகப் பழைய காலத்திலேயே ஒருவர் பார்த்து எழுதிவிட்டார். அகநானூற்றின் 36-ஆம் பாட்டு மதுரை நக்கீரர் பாடியது. இரும்பு முள்ளில் மாட்டிய இரையை விழுங்கிய ஆண் வரால், ஆம்பல் இலையைக் கிழித்து, குவளைப் பூக்களைச் சிதைத்து, வள்ளைக் கொடியைக் கலக்கி, தூண்டில்காரன் இழுத்தும் வராமல் குளத்தை உழக்குகிறது. இன்றைய ராட் தயாரிப்பாளர்கள் எழுதும் விளம்பரத்தைவிட இது துல்லியமான தகவல். மாட்டியதும் கொடிக்குள் பாய்வதுதான் இந்த மீனின் உத்தி. ஓடவிட்டுக் களைக்கவைத்துப் பிடிக்கும் விளையாட்டு இங்கே நடக்காது. முதல் இரண்டு மூன்று விநாடிக்குள் தலையைத் திருப்பி மேலே கொண்டுவந்துவிட வேண்டும்.

ராட் தேர்வு இதிலிருந்து வருகிறது. ராட்டில் இரண்டு குணங்கள் உண்டு. கடையில் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள். 'பவர்' என்பது வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. 'ஆக்‌ஷன்' என்பது எந்த இடத்தில் வளைகிறது என்பது. நுனி மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட். நடுவரை வளைந்தால் மாடரேட். கொடிக்குள் தவளை ஓட்ட ஆறரை முதல் ஏழு அடி நீளம், ஹெவி பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன். அடிக்கட்டை விறைப்பாக இருந்தால்தான் மீனைப் பாசியோடு பெயர்த்தெடுக்க முடியும். திறந்த நீரில் பாப்பரோ பென்சில் வகை லூரோ ஓட்டுகிறவருக்கு இதே ராட் தொல்லை. லைனும் நீளாது, ராட்டும் வளையாது என்றால் மீன் வாயை மூடுவதற்குள் லூரைப் பிடுங்கிவிடுவோம். மாட்டினாலும் மெல்லிய முட்கள் கிழித்துக்கொண்டு வரும். அதற்கு மீடியம் பவரும் கொஞ்சம் இளகிய நுனியும் வேண்டும். கார்பன் ராட்டைவிட விலை குறைந்த கண்ணாடியிழை ராட் இந்த வேலைக்கு மோசமில்லை என்பது என் கட்சி.

கைப்பிடிக்கு மேலே ராட்டில் சிறிய எழுத்தில் லூர் எடை அச்சிட்டிருக்கும். அதைப் படிக்காமல் வாங்குகிறவர்களே அதிகம். 20 முதல் 60 கிராம் வரை என்று போட்ட ராட்டில் 10 கிராம் தவளையை வீசினால் ராட் வளையவே வளையாது. லூர் காலடியில் விழும். விரால் தவளைகள் பெரும்பாலும் 8 முதல் 18 கிராமுக்குள் இருக்கும். ரீலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல் போதும். தவளை ஓட்டும்போது, மீன் இழுத்தால் லைனை விட்டுக்கொடுக்கும் டிராக்கை ஏறக்குறைய முழுதும் இறுக்கி வையுங்கள்.

கடைசியாக லூர். மிதக்கும் லூரின் தொடக்கத்துக்கு அமெரிக்காவில் ஒரு கதை சொல்வார்கள். மிச்சிகன் மாநிலத்து டொவாஜியாக் ஊரில் ஜேம்ஸ் ஹெடன் என்பவர் குளக்கரையில் உட்கார்ந்து மரத்துண்டைச் செதுக்கிக்கொண்டிருந்தாராம். அதைத் தண்ணீரில் எறிந்தபோது ஒரு பாஸ் மீன் பாய்ந்து முட்டியதாம். கதை எப்படியோ, அவர் தொடங்கிய நிறுவனம் மர லூர்களால் பெயர் பெற்றது நிஜம். நம் குளத்துக்குத் தேவையான வடிவம் உள்ளே காற்றுள்ள ரப்பர்போன்ற தவளை. அதன் இரட்டை முள் முதுகோடு ஒட்டி மேல்நோக்கிப் படுத்திருக்கும். ஆகாயத்தாமரையின் மேல் ஏறி இறங்கினாலும் மாட்டாது. மீன் கவ்வி அழுத்தும்போது உடல் சப்பி, முள் வெளியே வரும். வாங்கும்போது விரலால் அழுத்திப் பாருங்கள். எளிதாகச் சப்பவில்லை என்றால் மீன் வாயிலும் சப்பாது. முள் வெளிவரும் ஓட்டை வழியே தண்ணீர் புகுந்து தவளை கனத்துவிடும். சில வீச்சுக்கு ஒருமுறை பிழிந்து விடவேண்டும்.

பாப்பரின் முகம் குழிந்திருக்கும். வெடுக்கென்று இழுத்தால் குழி காற்றை நீருக்குள் அடித்துக்கொண்டு போய் 'பக்'கென்று குமிழியாக்கும். பென்சில் வகைக்கு முகக்குழி கிடையாது. லைனைத் தளரவிட்டுச் சுண்ட, தளரவிட்டுச் சுண்ட, அது இடமும் வலமுமாகத் தலையாட்டும். லைன் இறுகியே இருந்தால் ஆட்டம் வராது. இரண்டும் திறந்த நீருக்கானவை. தொங்கும் மூன்று முட்கள் கொடிக்குள் வீணாகப் போகும்.

எல்லாம் சரியாக வாங்கியும் மீன் தப்புவது ஓர் இடத்தில்தான். 'களக்'கென்ற சத்தம் கேட்டதும் கை தானாகச் சுண்டிவிடும். தவளையில் அப்படிச் செய்யக்கூடாது. நுனியைத் தாழ்த்தி, தளர்ந்த லைனைச் சுற்றி, மீனின் கனம் கைக்குத் தெரிந்த பிறகே சுண்டவேண்டும். கண்ணைக் கொண்டு சுண்டாமல் கையைக் கொண்டு சுண்டப் பழகச் சில காலம் ஆகும்.

இன்னும் மூன்று விஷயம் உண்டு. கார்பன் ராட் மின்சாரத்தைக் கடத்தும். ஏரிக்கரையோரம் தாழ்வாக மின்கம்பி போகும் இடத்தில் வீச வேண்டாம். இடி மின்னல் தொடங்கினால் ராட்டைக் கீழே வைத்துவிட்டு விலகுங்கள். மழைக்காலத்தில் நீரின்மேல் செம்மஞ்சள் புள்ளிகள் கொப்பளிப்பதுபோல் ஒரு குஞ்சுக் கூட்டம் தெரிந்தால், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் கோபத்தில் பாயும். பிடிப்பதில் திறமை ஒன்றுமில்லை. பெற்றோரைத் தூக்கிவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். அந்தக் கூட்டத்தைத் தாண்டி வேறு பக்கம் வீசுங்கள். நம் ஏரிகளும் கண்மாய்களும் பெரும்பாலும் மீன் குத்தகைக்கு விடப்பட்டவை. குத்தகைக்காரரையோ ஊர்க்காரர்களையோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.