பழைய பாய்மரப் படகு: வாங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்க்குக் கடல் அயலானதன்று. தாராவியே ஒரு காலத்தில் மாஹிம் கழியை ஒட்டிய கோலி மீனவரின் ஊர்தான். எனினும் நம்மில் பெரும்பாலோர் மும்பைக் கடலைக் கரையில் நின்றே பார்த்துப் பழகிவிட்டோம். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளிலும் பாய்மரப் படகு செலுத்தியதைக் கண்ட பின், நமக்கென ஒரு சிறு படகு இருந்தால் என்ன என்று எண்ணுவோரும் உண்டு.

புதிய படகின் விலை அந்த எண்ணத்தை உடனே தணித்துவிடும். உல்லாசப் படகுகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு. எனவே ஆசை இயல்பாகவே பழைய படகின் பக்கம் திரும்புகிறது. காருக்குப் பின்னால் டிரெய்லரில் ஏற்றி இழுத்துச் செல்லத்தக்க, ஏறத்தாழ இருபது அடி நீளமுள்ள படகு குறைந்த விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டால் மனம் தாவும். அந்த விலை செலவின் முதல் பாதி மட்டுமே என்பதை அப்போது நினைவில் கொள்ள வேண்டும்.

பழையது என்பது இழுக்கன்று

பழைய படகை வாங்குவது தவறான முடிவன்று. 1985 செப்டம்பர் 28 அன்று மும்பையிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 1987 ஜனவரி 10 அன்று திரும்பிய 'திரிஷ்ணா'வில் சென்றவர்கள் நம் இராணுவப் பொறியாளர் படையினர். பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய முதல் இந்தியப் பயணம் அது. அவர்கள் சென்ற 37 அடிப் படகு இங்கிலாந்தில் பழைய படகாக வாங்கப்பட்டது.

'கோல்டன் குளோப்' எனும் தனிநபர் உலகச் சுற்றுப் போட்டியில் 1988-க்கு முன் வடிவமைக்கப்பட்ட படகு வகைகளுக்கே இடமுண்டு. ஆகவே போட்டியாளர் பலர் பழைய படகுகளை வாங்கிப் புதுப்பித்தே கலந்துகொள்கின்றனர். 2022 செப்டம்பரில் பிரான்சில் தொடங்கிய அப்போட்டியில் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷாஃபர் முதலிடம் பெற்றார். நம் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி 236 நாளில் சுற்றி வந்து இரண்டாமிடம் பெற்றார். நாய்ஷாஃபர் தம் பழைய படகைக் கனடாவில் பல மாதம் உழைத்துச் சீரமைத்த பிறகே போட்டிக்குக் கொண்டுவந்தார். படகை மீட்டெடுப்பது அதன் வயதன்று, அதற்குச் செய்யும் பராமரிப்பே.

மும்பைக்கு ஏன் டிரெய்லர் படகு

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். மீன்பிடித் தடையும் ஜூன் 1 அன்றே தொடங்கிவிடும். இந்நான்கு மாதமும் சிறு படகு கரையில் இருப்பதே நலம். நீரில் நங்கூரமிட்டுக் கிடக்கும் படகுக்கு நிறுத்துக் கட்டணமும் காவலும் வேண்டும். டிரெய்லர் படகையோ மழைக்கு முன் இழுத்துவந்து கூரையின் கீழ் நிறுத்திவிடலாம். ஆனால் செம்பூரின் அடுக்ககங்களில் கார் நிறுத்தவே இடம் தட்டுப்பாடு. படகை எங்கே நிறுத்துவது என்பதற்கு உறுதியான விடை கிடைத்த பிறகே படகைத் தேடத் தொடங்குங்கள்.

மும்பைத் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி ஏற்ற ஓதத்துக்கும் வற்றோதத்துக்கும் இடையே நீர்மட்டம் நான்கு மீட்டருக்கு மேல் வேறுபடும். காலையில் படகை இறக்கிய சரிவில் மாலையில் சேறு மட்டுமே இருக்கக்கூடும். ஓத அட்டவணையைப் படிக்கத் தெரியாதவர் இங்கே படகு வைத்திருப்பது ஆபத்து.

உடலைத் தட்டிப் பாருங்கள்

பழைய ஃபைபர் படகின் பளபளப்பைக் கண்டு மயங்க வேண்டாம். சிறிய சுத்தியலால் அதன் உடலை மெல்லத் தட்டிக்கொண்டே செல்லுங்கள். உறுதியான இடத்தில் ஒலி கூர்மையாக எழும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தால் ஒலி மந்தமாகும். மேல்தளத்தில் நடக்கும்போது கால் அமிழ்ந்தால், உள்ளிருக்கும் மரம் நீர் குடித்து இற்றுவிட்டது என்று பொருள். நீர்மட்டத்துக்குக் கீழே கொப்புளங்கள் உள்ளனவா என்றும் பாருங்கள்.

டிரெய்லர் படகுகள் பலவற்றில் ஏரா எனப்படும் அடிக்கட்டை மேலே தூக்கி மடிக்கத்தக்கதாக இருக்கும். அதன் எடை முழுவதையும் தாங்குவது ஓர் அச்சாணியே. அது தேய்ந்திருந்தாலோ, அதைச் சுற்றி விரிசல் இருந்தாலோ பேரத்தை அங்கேயே நிறுத்துவது நல்லது. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளின் முனைகளில் முறிந்த இழை ஒன்று தென்பட்டாலும் முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும். பத்தாண்டுக்கு மேலான கம்பிகளைக் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் மாற்றுவதே வழக்கம். கம்பி அறுந்தால் பாய்மரம் படகில் இருப்போர் மீதே சாயும்.

இவை அனைத்தையும் நாமே கண்டறிந்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். விற்பவரோடு தொடர்பில்லாத கடல்சார் மதிப்பீட்டாளர் ஒருவரை அமர்த்துங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணமே இந்த வாங்குதலில் நீங்கள் செய்யும் மிகச் சிக்கனமான செலவாக அமையலாம்.

டிரெய்லரும் சாலையும்

படகுக்கு இணையான கவனம் டிரெய்லருக்கும் தேவை. மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் வாகனமே. அதற்கும் பதிவு வேண்டும். சாலையில் செல்லும் வாகனத்தின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டலாகாது என்பதால் படகின் அகலத்தை முதலில் அளந்து பாருங்கள். காரின் கையேட்டில் குறித்துள்ள இழுதிறனுக்குள் மொத்த எடை அடங்க வேண்டும். எடுத்துக்காட்டாக, படகு 900 கிலோ, டிரெய்லர் 350 கிலோ, இயந்திரமும் பொருள்களும் 200 கிலோ எனில், இழுக்க வேண்டியது 1,450 கிலோ. அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இணைப்புக் கொக்கியின் மீது அமர்ந்தால்தான் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடாது.

ஓடிவந்த சூட்டோடு சக்கரத்தை உப்புநீரில் இறக்கினால் பேரிங்குக்குள் நீர் புகுந்துவிடும். சற்று ஆறவிட்டு இறக்குங்கள். கரையேறியதும் நன்னீரால் கழுவுங்கள். பாய்மரத்தை நிமிர்த்துமுன் தலைக்கு மேல் மின்கம்பி செல்கிறதா என்று அண்ணாந்து பார்க்கத் தவறாதீர்கள். உலோகப் பாய்மரம் மின்கம்பியைத் தொட்டால் உயிரிழப்பு நேரும்.

எதை முதலில் வாங்குவது

படகு கைக்கு வந்ததும் அழகுப் பொருள்களில் மனம் செல்லும். முதலில் வாங்க வேண்டியவை ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, நங்கூரமும் போதிய கயிறும், நீரை இறைக்கும் பம்பு, தீயணைப்பான், விளக்குகள், தகவல் தொடர்புக் கருவி. அடுத்தது கம்பிகளும் கயிறுகளும். அதன் பின்னரே பாய். காற்றைக் காட்டிலும் வெயில்தான் பாயை விரைந்து கெடுக்கும். ஆதலால் பயன்படுத்தாதபோது உறையிட்டு வையுங்கள். தோலும் கனத்த துணியும் தைத்துத் தேர்ந்த கைகள் தாராவியில் பல உண்டு. படகுறையை அங்கேயே தைத்துக்கொள்ளலாம். பாயின் வளைவு வேறு கலை. அதைப் பாய் தைப்போரிடமே ஒப்படைக்க வேண்டும்.

பணமும் பத்திரமும்

உங்களிடம் ஆறு இலட்சம் ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். ஆறு இலட்சத்துக்கும் படகைத் தேடாதீர்கள். நான்கு இலட்சத்துக்குள் வாங்கி, ஒன்றரை இலட்சத்தைச் சீரமைப்புக்கும் மீதியை எதிர்பாராச் செலவுக்கும் ஒதுக்குங்கள். ஆண்டுப் பராமரிப்புக்கெனத் தொடர் வைப்புக் கணக்கொன்று தொடங்கலாம். கடன் வாங்குவதாயின் ஒன்றை மறவாதீர்கள்: ஆண்டில் நான்கு மாதம் படகு கரையில் உறங்கும், தவணை உறங்காது. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்குவது நல்ல வழி. ஆனால் யார் எப்போது பயன்படுத்துவது, பழுதுக்கு யார் எவ்வளவு தருவது, விலக விரும்புவோர் பங்கை எப்படி மதிப்பது என்பதை முன்னரே எழுத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

விற்பவரிடம் பதிவு ஆவணங்களையும் மூல விலைப்பட்டியலையும் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த படகெனில் சுங்கவரி செலுத்திய சான்று கட்டாயம் வேண்டும். படகுக்கும் இயந்திரத்துக்கும் எந்தப் பதிவும் அனுமதியும் தேவை என்பதை மகாராஷ்டிரக் கடல்சார் வாரியத்திடமும் மும்பைத் துறைமுக ஆணையத்திடமும் எழுத்து மூலம் கேட்டறியுங்கள். 2008 நவம்பர் 26 அன்று பயங்கரவாதிகள் கடல்வழியாக வந்த நகரம் இது. ஆவணமில்லாத படகைக் கடலோரக் காவலர் ஐயத்தோடு பார்ப்பது இயல்பே. பணத்தை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியே செலுத்துங்கள். காப்பீடு நடைமுறைக்கு வந்த பிறகே படகை நீரில் இறக்குங்கள்.

'கட்டுமரம்' என்ற சொல்லை உலக மொழிகளுக்குத் தந்தவர்கள் நாம். அந்தக் கடலறிவு மரபுரிமையாகத் தானே வந்துவிடாது. கற்றுக்கொண்டே பெற வேண்டும். படகு தேடத் தொடங்குமுன் ஒரு பருவம் பயிற்சிக் கழகம் ஒன்றில் சேர்ந்து பிறர் படகைச் செலுத்திப் பாருங்கள். அந்தப் பருவம் முடிந்தும் ஆசை குறையாதிருந்தால் சேமிப்பை எடுக்கலாம். குறைந்துவிட்டால் சேமிப்பு முழுதும் கணக்கிலேயே இருக்கும்.