கென்னடி என்னும் பெயர்

அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த ஜோன் கென்னடியை அறியாதார் நம்மிற் சிலரே. ஆயினும், ‘கென்னடி’ என்பதன் பொருள் யாதென நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? அஃது ஆங்கிலச் சொல்லன்று. அயர்லாந்து மக்களின் பழைய மொழியாகிய ஐரிஷ் மொழியிற் பிறந்தது.

அம்மொழியில் இப்பெயர் ‘ஓ கின்னேடி’ என்பதுபோல ஒலிக்கும். ‘ஓ’ என்பதற்குப் பேரப்பிள்ளை, வழித்தோன்றல் என்பன பொருளாகும். ‘கின்’ என்னும் பகுதி தலையைக் குறிக்கும். எஞ்சிய பகுதிக்குக் கவசம் என்று சிலரும், அழகற்றது என்று சிலரும் பொருள் கொள்வர். ஆகவே, ‘தலைக்கவசம் அணிந்தோன்’ எனவும், ‘அழகற்ற தலையையுடையோன்’ எனவும் இப்பெயருக்கு விளக்கம் கூறப்படுகின்றது. இவ்விரண்டில் எதனைக் கென்னடி குடும்பத்தார் விரும்புவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

1014ஆம் ஆண்டு, டப்ளின் நகருக்கு அணித்தாயுள்ள குளொண்டாவ் போரில் உயிர்நீத்த பேரரசன் பிரையன் போருவின் தந்தைக்கும் இப்பெயரே வழங்கிற்று. அவ்வரசனுடைய உடன்பிறந்தான் மகன் ஒருவனும் அதே பெயரைத் தாங்கினான். அவன் வழிவந்தோரே ‘ஓ கின்னேடி’ குலத்தார் என்பர். அக்குலத்துப் பெண்மக்கள் ‘ஓ’ என்பதற்குப் பதிலாக, மகள் என்று பொருள்படும் ‘நீ’ என்னும் அடைமொழியைச் சேர்ப்பது இன்றும் ஐரிஷ் மொழி மரபாகும்.

ஆங்கிலேயர் ஆட்சி வேரூன்றியபோது இப்பெயர்களும் ஆங்கில உருப் பெற்றன. ‘ஓ’ என்னும் முன்னொட்டும் பலரிடமிருந்து மறைந்தது. 1893இல் ஐரிஷ் மொழியை வளர்க்கக் கேலிக் சங்கம் தோன்றிய காலத்தில், பல குடும்பங்கள் அதனை மீண்டும் சூடிக்கொண்டன. கென்னடி குடும்பத்தாருட் பெரும்பாலோர் அவ்வாறு செய்யவில்லை.

1845இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றதால் அயர்லாந்திற் கொடிய பஞ்சம் மூண்டது. ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் மாண்டனர். மேலும் பத்து இலட்சம் பேர் கடல் கடந்தனர். அந்நாளில் வெக்ஸ்போர்ட் மாவட்டத்து டங்கன்ஸ்டவுன் என்னும் சிற்றூரை விட்டுப் பொஸ்ரன் நகர் சென்றார் பற்றிக் கென்னடி என்ற இளைஞர். ஜனாதிபதி கென்னடியின் பூட்டனார் அவரே.

1963 ஜூன் மாதத்தில் ஜனாதிபதி அவ்வூருக்கு வந்து, உறவினரோடு தேநீர் அருந்தி அளவளாவினார். ஐந்து மாதங்களின் பின் அவர் சுடப்பட்டு மாண்டமை உலகறிந்த துயரம்.

பேரப்பிள்ளையென உணர்த்தும் அச்சிறு ‘ஓ’ பெயரிலிருந்து உதிர்ந்து போயிற்று. எனினும், பூட்டன் பிரிந்த முற்றத்தைப் பூட்டப்பிள்ளை மறவாமல் தேடி வந்தாரல்லவா? பெயர் இழந்த பொருளை உறவு காத்துநின்றது.