உங்களுக்குத் தெரியுமா? மூலம் போனது, அச்சு நிலைத்தது!

மூன்று தேவியரில் பேரழகி யார் என்று டிராய் இளவரசன் பாரிஸ் தீர்ப்புச் சொல்லும் கிரேக்கக் கதையை வரைந்தவர் ரஃபேல். சுவரில் மாட்ட அல்ல, அச்சுக்கென்றே! 1510-20 வாக்கில் அதைச் செப்புத் தகட்டில் செதுக்கினார் மார்க்கந்தோனியோ ரைமோண்டி. செதுக்கிய கோடுகளில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை அழுத்தினால் படம் இடவலம் மாறிப் பதியும். ரஃபேல் வரைந்த மூலப்படம் இன்று இல்லை. படிகள் ஐரோப்பாவெங்கும் பரவின.

வேடிக்கை என்னவென்றால், படத்தின் வலது மூலையில் இரண்டு நதித் தேவர்களும் ஒரு நீரணங்கும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். 1863இல் பார்த்தவர்களை முகம் சுளிக்க வைத்த எதுவார் மனேயின் ‘புல்வெளியில் மதிய உணவு’ ஓவியத்தில் முன்னே அமர்ந்திருக்கும் மூவருக்கும் அதே தோரணைதான். தேவர்களுக்குக் கோட்டு மாட்டிவிட்டார் மனே. நீரணங்குக்கு அதுவும் இல்லை.