கல்லெழுத்தும் தன்னியக்கக் குவிப்புக் கமெராவும்

திருகோணமலைப் பிரெடெரிக் கோட்டையின் வாயிலை அடைவோர், அங்குள்ள கற்களில் இணைக்கயற் சின்னத்தையும் சிதைந்த தமிழ்ச் சாசனமொன்றையும் காண்பர். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே ஈண்டுக் கோட்டை எழுப்பினர் என்பது வரலாறு. கோயில் அழிந்தும் கல்லெழுத்தின் ஒரு பகுதி எஞ்சியது. ஆயினும் உப்புக் காற்றும் மாரி மழையும் அவ்வெழுத்துகளை நாள்தோறும் தேய்த்து வருகின்றன. இன்று ஐயமின்றி வாசிக்கப்படும் எழுத்து, நம் பேரர் காலத்தில் வெறும் பள்ளமாகத் தோன்றலாம். அன்று அவர்க்குத் துணையாவது இன்று நாம் எடுத்துவைக்கும் நிழற்படமேயாகும். அப்படந்தானும் தெளிவின்றி மங்கியிருப்பின் அஃது இருந்தும் பயனில்லை.

நிழற்படம் வரலாற்றுக்குச் சான்றாதல் நம் ஊருக்குப் புதியதன்று. 1956 ஆம் ஆண்டில் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலையின் அடிவாரக் கடலுள் மூழ்கி, ஆங்குக் கிடந்த கோயிற் சிதைவுகளைக் கண்டனர். நீருக்கடியில் எடுத்த படங்கள், கரையிலிருந்து காணவியலாத அக்கற்களை உலகறியச் செய்தன. இத்தகைய பணியை மேற்கொள்ள விரும்பும் மாணவர் பலரின் இல்லங்களில், தந்தையரோ மாமன்மாரோ முன்னர் வாங்கிய படச்சுருட் கமெரா ஒன்று பயனின்றிக் கிடத்தல் கூடும். அதனை இயக்கும் முறையையும், அதன் ஆற்றல் எவ்விடத்து நின்றுவிடுகின்றது என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

எஸ்.எல்.ஆர். எனப்படும் தனிவில்லைத் தெறிப்புக் கமெராவில், படம் பிடிக்கும் வில்லை வழியாகவே நாம் காட்சியையும் காண்கின்றோம். வில்லைக்குப் பின்னே சாய்வாக நிற்கும் ஆடி, ஒளியை மேல்நோக்கித் தெறிக்கச் செய்கின்றது. அவ்வொளி அரியமொன்றினூடாக நம் விழியை அடைகின்றது. பொத்தானை அமுக்கியதும் ஆடி மேலெழ, மூடுதிரை திறந்து, ஒளி படச்சுருளிற் படிகின்றது. வில்லையை முன்னும் பின்னும் நகர்த்திப் பொருளின் விம்பத்தைச் சுருளின் மீது கூர்மையாக விழச்செய்தலே குவிப்பு எனப்படும். நெடுங்காலம் இது கைவிரலாலும் கண்ணாலும் செய்யப்பட்டது.

இதனைப் பொறியே செய்யுமாறு அமைத்தற்குப் பல வழிகள் முயலப்பட்டன. 1978 இல் போலரோயிட் நிறுவனம், ஒலியலையை அனுப்பி அஃது எதிரொலித்து மீளும் நேரத்தைக்கொண்டு தூரத்தை அளக்கும் கமெராவை வெளியிட்டது. கப்பல்கள் கடலின் ஆழத்தை அளக்கும் முறையும் இதுவே என்பதைத் துறைமுகவாசிகளுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. எனினும் இடையிற் கண்ணாடி நின்றால் அவ்வொலி அதிலேயே பட்டு மீண்டுவிடும். 1981 இல் வந்த பென்ரக்ஸ் எம்.இ.எஃப். கமெரா, வில்லையினூடாக வரும் ஒளியையே கொண்டு குவிப்பை அளந்தது. 1985 இல் மினோல்டா 7000 வந்தபோதே இம்முறை பொதுமக்கள் கைக்கு எட்டியது. அதில் வில்லையைத் திருப்பும் மோட்டார் கமெராவின் உடலிலேயே இருந்தது. 1987 இல் வந்த கனன் ஈ.ஓ.எஸ். 650 இலோ ஒவ்வொரு வில்லைக்கும் தனித்தனி மோட்டார் அமைந்தது.

இனி, இக்கமெரா குவிப்பை அறியுமாற்றை நோக்குவாம். சாய்ந்து நிற்கும் ஆடியின் நடுப்பகுதி ஒளியிற் சிறிதளவை ஊடுசெல்ல விடுகின்றது. பின்னுள்ள சிற்றாடி அவ்வொளியைக் கீழே உள்ள உணரிக்குச் செலுத்துகின்றது. ஆங்கு, வில்லையின் ஒரு புறத்தூடு வந்த ஒளி ஒரு விம்பத்தையும், எதிர்ப்புறத்தூடு வந்த ஒளி மற்றொரு விம்பத்தையும் தோற்றுவிக்கின்றன. நம் இரு விழிகளும் ஒரு பொருளை இரு கோணத்தினின்று காண்பது போன்றதே இது. இவ்விரு விம்பங்களுக்கும் இடையே குறித்த அளவு தூரம் இருப்பின் குவிப்புச் சரியாக உள்ளது. தூரம் குறைந்தாலோ கூடினாலோ, வில்லையை எத்திசையில் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதைக் கருவி கணித்துக்கொள்கின்றது.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். இரு விம்பங்களை ஒப்பிடுதற்கு அவற்றில் ஒளியும் நிழலும் மாறுபடும் விளிம்புகள் இருத்தல் இன்றியமையாதது. விளிம்பில்லாத வெற்று வானிலும் வெள்ளைச் சுவரிலும் கருவி திகைத்து, வில்லையை அங்குமிங்கும் ஓட்டித் தேடும். முற்காலக் கமெராக்கள் பலவற்றில் உணரி கிடையான ஒரே கோடாக அமைந்தமையால், நிமிர்ந்த விளிம்புகளை மட்டுமே அது காணும். உட்டுறைமுகத்தில் நிற்கும் படகின் பாய்மரம் அதற்குப் புலப்படும். கடலும் வானும் கூடும் அடிவானக் கோடு புலப்படாது. அத்தகைய இடத்திற் கமெராவைச் சற்றுச் சரித்துக் குவித்து, மீண்டும் நேராக்கிப் படம் எடுத்தல் தகும்.

கல்லெழுத்துக்கும் இவ்விதி பொருந்தும். நண்பகல் வெயில் நேரே விழும் வேளையில் எழுத்தின் பள்ளங்களில் நிழல் இல்லை. நாம் வாசிக்கத் தடுமாறும் அவ்வேளையிற் கருவியும் தடுமாறுகின்றது. இரண்டற்கும் காரணம் ஒன்றே. ஒளி பக்கவாட்டிற் சாய்ந்து விழும்பொழுது ஒவ்வொரு கீறலும் நிழல் கொள்ளும். விழியும் கருவியும் ஒருங்கே தெளியும். ஆகவே முதலில் தேர்ந்துகொள்ள வேண்டியது ஒளி. கருவியின் வேலை அதன் பின்னரே. கதிரவன் சாயும் வேளை வாய்க்காவிடின், கண்ணாடியொன்றால் வெயிலைப் பக்கத்திலிருந்து கல்லின் மீது திருப்பலாம். கமெராவிலேயே பொருந்திய மின்னொளி நேர்முகமாகப் பாய்ந்து பள்ளங்களை மறைத்துவிடுமாதலின் அதனை விலக்குக.

செய்முறை வருமாறு: கோட்டையில் இராணுவம் நிலைகொண்டுள்ளமையால் முன்னரே அனுமதி பெறுக. மின்கலம் இன்றேல் இக்கமெரா இயங்காது. எனவே அதனைச் சோதித்தல் முதற்கடன். ஐ.எஸ்.ஓ. 100 அளவிலான சுருள் நுண்ணிய விவரங்களைக் காட்டும். அது மெதுவாகவே ஒளியை ஏற்குமாதலின் முக்காலி தேவை. கமெராவைக் கல்லின் முகத்துக்கு இணையாக நிறுத்துக. ஒளிவாயிலை 8 அல்லது 11 என்னும் எண்ணில் வைக்குக. எண் பெரிதாகுந்தோறும் வாயில் சிறுக்கும். தெளிவாக விழும் ஆழம் பெருகும். கருவி வாயிலை முழுதும் திறந்தே குவிப்பை அளக்கும். படம் எடுக்கும் கணத்திலேயே வாயிலைச் சுருக்கும். நிமிர்கோடுகள் நன்கு தெரியும் எழுத்தின் மீது நடுப்புள்ளியை வைத்துப் பொத்தானைப் பாதியளவு அமுக்குக. பெரும்பாலான கமெராக்களிற் குவிப்பு அமைந்ததும் பார்வைச் சாளரத்தில் ஒரு குறி நிலையாக ஒளிரும். அமையாவிடின் அது சிமிட்டும். குறி ஒளிர்ந்த பின்னர்த் தன்னியக்கத்தை நிறுத்திவிட்டுக் கமெராவை அசைக்காது படம் எடுக்குக. பாதி அமுக்கியவாறே கமெராவைத் திருப்பிக் காட்சியை மாற்றியமைத்தல் தூரத்துப் பொருளுக்குத் தீங்கு செய்யாது. ஆனால் அண்மையில் உள்ள தட்டையான கல்லில் குவிப்பின் தளம் எழுத்தைவிட்டு விலகிவிடும்.

அசையும் பொருளுக்கு வேறு முறை வேண்டும். கோட்டையினுள் உலவும் புள்ளிமான் நடக்கும்பொழுது, ஒருமுறை குவித்து நிறுத்தும் அமைப்புப் பயன்படாது. தொடர்ந்து குவிக்கும் அமைப்பையே தேர்தல் வேண்டும். 1988 இல் வந்த மினோல்டா 7000ஐ போன்றவை, பொருள் நகரும் வேகத்தை அளந்து, மூடுதிரை திறக்கும் கணத்தில் அஃது எங்கே இருக்கும் என்பதையும் முன்கணித்தன. ஆயினும் மானுக்கு முன்னே புல் நின்றால் அக்கமெரா புல்லையே பற்றுதல் கூடும். விளிம்பை அறியும் கருவிக்கு, அவ்விளிம்பு மானுடையதோ புல்லுடையதோ என்பது ஒருபொருட்டன்று. எது நமக்கு வேண்டியது என்பதை நாமே நடுப்புள்ளியாற் சுட்டிக் காட்டுதல் வேண்டும்.

எண்ணிமக் கமெராவிற் பிழையை அக்கணமே கண்டு திருத்தலாம். படச்சுருளில் உள்ளவை முப்பத்தாறு படங்களே. கழுவி முடியும் வரை அவற்றின் நலமும் தீங்கும் தெரியா. ஆதலின் ஒவ்வோர் எழுத்துப் பகுதியையும் ஒளியை மாற்றி இருமுறை எடுத்தல் அறிவுடைமை. அளவுகோல் ஒன்றையும் கல்லருகே வைத்து, நாளையும் இடத்தையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தல் அவசியம். கழுவிய சுருளை ஈரமும் வெப்பமும் அணுகாத உறையிற் பேணுக. கனன் ஈ.ஓ.எஸ்.-1வி கமெராவின் விற்பனை 2018 இலும், நிக்கன் எஃப்6 இன் விற்பனை 2020 இலும் நின்றுவிட்டன. எனவே கையிலுள்ள கருவியைக் கடற்காற்றின் உப்புப் படியாது துடைத்துக் காத்தல் நம் பொறுப்பாகும்.

2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் நெடும் போரும் இம்மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களின் படத்தொகுப்புகளை அழித்தன. கல்லும் தேயும், தாளும் அழியும். ஒன்று அழியுமுன் அதனை மற்றொன்றிற் பதித்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிற் காத்தலே அறிஞர் கொண்ட நெறி. ஏட்டுச்சுவடிகளைப் படியெடுத்த நம் முன்னோர் செய்ததும் அதுவே. அவர் கையில் எழுத்தாணி இருந்தது. நம் கையிற் கமெரா இருக்கின்றது. படியெடுப்போன் எழுத்தை உணர்ந்து எழுதினாலன்றிப் படி பிழைபடும் என்பது இரண்டற்கும் பொது.