சிறிய அளவில் – 6: மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் ஒரு கப்பல்

போன வாரம் 1:72 என்ற அளவு எங்கிருந்து வந்தது என்று பார்த்தோம். ஆறடி மனிதனை ஓர் அங்குலமாகச் சுருக்கும் கணக்கு அது. அதைப் படித்த கடைக்காரர் ஒருவர் பிரதான வீதியில் என்னை நிறுத்தினார். அளவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “காக்கா, அதெல்லாம் சரி. உங்களுக்கு எங்கால இதுக்கு நேரம் வருகுது?” என்றுதான் கேட்டார்.

நியாயமான கேள்வி. காத்தான்குடியில் ஒரு வியாபாரியின் நாள் சுபஹுக்கு முன்னமே தொடங்கிவிடுகிறது. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும், கடை திறக்க வேண்டும், லுஹருக்கு மூடித் திரும்பத் திறக்க வேண்டும். பின்னேரம் ரியூஷனுக்கு ஏற்றி இறக்கும் வேலை. இரவு கணக்குப் பார்த்து எழும்பினால் பத்தரை மணி. இவற்றுக்கு நடுவில் ஒரு கல்யாண வீடு வரும், ஒரு ஜனாஸா வரும், மாமியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் நாளும் வரும். இதற்குள் பிளாஸ்டிக் கப்பல் ஒட்ட எவருக்கு நேரம்?

இந்த வாரம் அந்தக் கேள்விக்குத்தான் பதில். பதிலுக்கு உதாரணமாக எடுத்துக்கொள்வதும் நம் கடலுக்கு அடியில் கிடக்கும் ஒரு கப்பல்.

தாமதமாக முடிந்த கப்பல்

1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை, பிரித்தானியக் கடற்படையின் ஹேர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களிடம் அகப்பட்டது. திருகோணமலை தாக்கப்படலாம் என்ற எச்சரிக்கையில் முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே வந்திருந்த கப்பல் அது. விமானந்தாங்கி என்றுதான் பெயர்; அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. அரை மணிக்கும் குறைந்த நேரத்தில் மூழ்கிப்போனது. 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் அதோடு போயிற்று. வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கொழும்புக்குக் கொண்டு சேர்த்தது.

ஹேர்மீஸ் இன்றும் கரையிலிருந்து சுமார் 9 கிலோமீற்றர் தூரத்தில், 50 மீற்றரளவு ஆழத்தில் கிடக்கிறது. வெளிநாட்டுச் சுழியோடிகள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். இந்தக் கரையில் பிறந்து வளர்ந்த நம்மில் பெரும்பாலோர் அதை ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. நமக்குள்ள வழி, அதை மேசைமேல் செய்து வைத்துப் பார்ப்பதுதான்.

ஜப்பானின் அஓஷிமா நிறுவனம் இந்தக் கப்பலுக்கு 1:700 அளவில் ஒரு கிட் வெளியிட்டிருக்கிறது. ஏறத்தாழ 183 மீற்றர் நீளமான கப்பல் அந்த அளவில் 26 சென்ரிமீற்றராகி, பாடசாலை அடிமட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. கல்லடிப் பழைய பாலத்தை அதே அளவில் செய்தால் 41 சென்ரிமீற்றர் வரும். கப்பலைவிடப் பாலம் நீளம். கப்பல் கிடக்கும் ஆழம் ஏழு சென்ரிமீற்றர். கரையோ 13 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். எங்கள் ஊர் வீடுகளின் நெருக்கத்தில், கப்பலை என் முன்னறையில் வைத்தால் கரை அடுத்த வீட்டுக் குசினிக்குள் போய்விழும்.

மொடல் செய்கிறவருக்கு இந்தக் கப்பலின் பிறப்புக் கதையில் பெரிய ஆறுதல் ஒன்று உண்டு. தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கியாக வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல் ஹேர்மீஸ். 1918 ஜனவரியில் அடிமரம் வைத்தார்கள்; 1919 செப்டெம்பரில் தண்ணீரில் இறக்கினார்கள். சேவைக்கு வந்ததோ 1924 பெப்ரவரியில். இதற்கிடையில், 1920 டிசம்பரில் வேலை தொடங்கிய ஜப்பானின் ஹோஷோ 1922 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. முதலில் தொடங்கியவர்கள் இரண்டாவதாக வந்தார்கள். ஹேர்மீஸ் சேவைக்கு வந்த அதே 1924இல்தான் கல்லடியின் அந்தப் பழைய பாலமான லேடி மானிங் பாலமும் திறக்கப்பட்டது.

ஏன் இத்தனை தாமதம்? கப்பல் கட்டுவதில் பிரித்தானியாவை அன்று மிஞ்சுவார் எவருமில்லை. ஆளும் இருந்தார்கள், இரும்பும் இருந்தது. இரண்டு விஷயங்கள்தான் கைகொடுக்கவில்லை. ஒன்று, தீர்மானம். மற்ற விமானந்தாங்கிகளில் நடந்த பரீட்சைகளின் முடிவுக்காகக் காத்திருந்து, வரைபடத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். மற்றது, இடம். கட்டிக்கொண்டிருந்த தளம் மூடப்படவிருந்ததால், அரைகுறை உடலை 1920இல் டெவன்போர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

வீட்டில் ஒரு கிட் பெட்டி வருடக்கணக்கில் முடியாமல் கிடப்பதற்கும் காரணம் பெரும்பாலும் இவை இரண்டும்தான். பழியை மட்டும் நேரத்தின் தலையில் போட்டுவிடுகிறோம்.

பாங்கு வெட்டித் தந்த நேரம்

நேரத்தைப் பொறுத்தவரை நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். எங்கள் நாளை ஐந்து நேரத் தொழுகை ஏற்கெனவே துண்டு போட்டுத் தந்திருக்கிறது. அதிலும் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட துண்டு விசேஷமானது. நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் இங்கே சூரியன் செங்குத்தாக இறங்குகிறது; அந்தி நீள்வதில்லை. வருடம் முழுவதும் இந்த இடைவெளி எழுபது, எழுபத்தைந்து நிமிடத்தைச் சுற்றித்தான் நிற்கும். இலண்டனில் உள்ள முஸ்லிமுக்குக் கோடையில் இது நீண்டுகொண்டே போய், இஷா எப்போது என்பதே பெரிய கேள்வியாகிவிடும். எங்களுக்கு ஜூனிலும் டிசம்பரிலும் ஏறத்தாழ அதே துண்டு. சுபஹுக்கும் கடை திறப்பதற்கும் நடுவில் சிறிய துண்டு இன்னொன்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை மூடும்போது கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கலாம்.

எல்லா நாளும் இவை கைக்கு வராது. கல்யாண மாதங்களில் மஃரிபுக்குப் பின் வீட்டில் எவரும் இருப்பதில்லை. வாரத்தில் இரண்டு நாள் தப்பிக் கிடைத்தால் போதும். ஏனென்றால் இந்த வேலையில் கை அசையும் நேரத்தைவிடக் காயும் நேரம்தான் அதிகம். பிளாஸ்டிக் கிட்டுக்கான பசை உண்மையில் பசையே இல்லை. இரண்டு விளிம்புகளையும் இளக்கி ஒன்றோடொன்று கரைத்துவிடும் திரவம் அது. சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும். முழுப் பலம் வர ஓர் இரவு வேண்டும். எனாமல் பூச்சுக்கு ஒரு நாளாவது விட வேண்டும். முழு ஞாயிற்றுக்கிழமையையும் ஒதுக்கி உட்கார்ந்தவர், காய்வதைப் பார்த்துக்கொண்டு பொறுமையிழந்து, ஈரப் பூச்சில் விரல் அடையாளம் வைத்துவிட்டு எழும்புகிறார். அரை மணி வேலை செய்துவிட்டுக் கடைக்குப் போனவருடைய கப்பலோ, அவர் துணி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துகொண்டிருக்கிறது. வேலைப்பளு உள்ளவனுக்கென்றே அமைந்த பொழுதுபோக்கு இது.

மூலை கேட்டு வாங்குதல்

இடத்தின் கதை வேறு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய ஊர் எங்களுடையது. பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கலியாணம் முடிப்பது கிழக்கு முஸ்லிம்களின் வழக்கம். மூன்று பெண் பிள்ளைகள் என்றால் வாப்பாவின் வளவு மூன்றாகும். நிலம் தீர்ந்தால் வீடு மேலே எழும்பும். மாப்பிள்ளை போய் இருப்பது மனைவியின் வீட்டில். சீதன வீட்டில் ஒரு ஆணுக்குச் சொந்தமான மூலை என்று எதுவும் எழுதி வைத்திருப்பதில்லை. கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்கும்போது, “இது கொஞ்சம் மணக்கும், ஆனா ஜன்னலுக்குக் கிட்டத்தான் வெச்சுக்குவன்” என்று உண்மையைச் சொல்லிக் கேட்பது நல்லது.

பெரும்பாலும் கிடைப்பது சாப்பாட்டு மேசைதான். இங்கேதான் நேரம் ஒழுகுகிறது. பெட்டியைத் திறந்து, கத்தி, இடுக்கி, பசை, பூச்சு, விளக்கு எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பக் கால் மணி. இராச் சாப்பாட்டுக்கு மேசையைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு கால் மணி. எழுபது நிமிடத்தில் அரை மணி அப்படியே போய்விட்டது. மேசையைப் பார்த்தாலே அலுப்பு வருவதற்கும், ‘இண்டைக்கு வேணாம்’ என்று கைபேசியை எடுத்துக்கொள்வதற்கும் காரணம் இதுதான்.

பரிகாரம் மலிவானது. விளிம்பு உயர்ந்த அகலமான தட்டம் ஒன்று வாங்குங்கள். செய்துகொண்டிருக்கும் கப்பல், அன்றைக்குத் தேவையான கருவி, இரண்டு பூச்சுப் புட்டி, இவ்வளவும் அதற்குள்ளேயே வாழட்டும். மஃரிப் தொழுது வந்ததும் தட்டத்தை மேசைக்கு இறக்குங்கள். சாப்பாட்டு நேரம் வந்தால் அப்படியே தூக்கி அலுமாரிக்கு மேலே வையுங்கள். பரப்புவதும் இல்லை, அள்ளுவதும் இல்லை. கழன்று விழும் துண்டும் விளிம்பைத் தாண்டி ஓடாது. மீதிக் கருவிகளுக்கு ஒரு மேசை லாச்சி போதும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கத்தியும் பசையும் பூட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது என்ன?

இனித் தீர்மானம். தட்டத்தை இறக்கி வைத்துக்கொண்டு ‘இண்டைக்கு என்ன செய்வது’ என்று யோசிக்கத் தொடங்கினால் இஷா பாங்கு கேட்டுவிடும். யோசனைக்கு மேசை தேவையில்லை. அதைக் கடையில் வியாபாரம் மந்தமான நேரத்தில் செய்யலாம். எழும்பும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் அடுத்த வேலையை எழுதித் தட்டத்தில் வையுங்கள். ‘கப்பலை முடிக்க வேண்டும்’ என்று எழுதினால் பிரயோசனமில்லை. ‘படகுகளை வெட்டி விளிம்பு தேய்ப்பது’ என்று, ஓர் இருப்பில் முடியக்கூடியதை எழுத வேண்டும். ஒரே மாதிரித் துண்டுகளைச் சேர்த்துச் செய்வது இன்னும் நல்லது: படகுகள், துப்பாக்கிகள் எல்லாவற்றையும் பல்லுக்குத்தும் குச்சிகளில் ஒட்டி, ஒரே சாம்பல் நிறத்தை ஒரே நாளில் பூசிவிடலாம். தூரிகை கழுவுவது ஒரு தடவைதான்.

தீர்மானத்தை முன்கூட்டியே எடுத்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஹேர்மீஸ் மூழ்கிய அதே 1942இல் ஒரு சாட்சி உண்டு. எதிரி விமானத்தையும் சொந்த விமானத்தையும் பிரித்தறியப் படையினரைப் பழக்குவதற்காக, ஐந்து லட்சம் மொடல் விமானங்களைச் செய்து தரும்படி அமெரிக்கக் கடற்படை நாட்டின் பாடசாலைகளைக் கேட்டது. அளவு, நாம் போன வாரம் பார்த்த அதே 1:72. மரம் செதுக்கியவர்கள் மாணவர்கள். களம், பாடசாலைத் தொழிற்கூடங்கள். ஒவ்வொரு வகைக்கும் வரைபடமும் அச்சுருவும் முன்கூட்டியே கொடுக்கப்பட்டன. பாட மணி அடிக்கும் வரைக்கும் செதுக்கினால் போதும். எதை, எந்த வடிவில் என்று யோசிக்கும் பொறுப்பு பிள்ளைகளுக்கு இருக்கவில்லை.

எங்கே நிறுத்துவது என்பதும் தீர்மானம்தான். 1942இல் ஹேர்மீஸுக்கு என்ன நிறம் பூசியிருந்தார்கள் என்று பழைய படங்களைத் துழாவத் தொடங்கினால் ஒரு மாரிகாலமே போய்விடும். நல்ல படங்கள் இரண்டைப் பார்த்து முடிவெடுத்துவிட்டுப் பூச்சைத் திறப்பதே புத்தி. 1:700இல் ஒரு மனிதன் இரண்டரை மில்லிமீற்றர் உயரம். அந்த அளவில் மாலுமிகளும் தனியாக விற்பனைக்கு உண்டு. நான் ஆளுருவம் வைப்பதில்லை. மார்க்கம் ஒரு காரணம். நாற்பதைத் தாண்டிய கண் இன்னொரு காரணம்.

வாடையும் கச்சானும்

நம் பக்கத்துக் காலநிலைக்கும் இதில் பங்கு உண்டு. மாரியில், நவம்பர் முதல் ஜனவரி வரை, காற்றில் ஈரம் ஏறியிருக்கும்போது லக்கர் வகைப் பூச்சைத் தெளித்தால் மேலே வெள்ளை பூத்துவிடும். அந்த மாதங்களை வெட்டவும் தேய்க்கவும் ஒட்டவும் வைத்துக்கொள்ளலாம். கச்சான் வீசும் மாதங்களில் நிலைமை தலைகீழ்; தெளிகருவியின் முனையிலேயே பூச்சு காய்ந்து அடைத்துக்கொள்ளும். அப்போது சுபஹுக்குப் பிந்திய குளிர்ந்த நேரம்தான் பூச்சுக்கு உகந்தது. நோன்பில் தராவீஹ் முடிந்தும் ஊர் உறங்காது, ஆனால் புடைவைக் கடைக்காரருக்குக் கடைசிப் பத்தும் வியாபாரம். அந்த மாதம் தட்டம் அலுமாரிக்கு மேலேயே இருக்கட்டும். காய்ந்த கப்பல் காத்திருக்கும், அதற்குப் பசிக்காது.

அப்படி விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது துண்டுக் காகிதத்தின் அருமை தெரியும். ஒரு மாதத்துக்கு முன் எங்கே நிறுத்தினோம் என்று பெட்டியையும் வரைபடத்தையும் புரட்ட வேண்டியதில்லை. எழுதி வைத்த படகு அங்கேயே இருக்கும். கத்தியை எடுக்க வேண்டியதுதான்.

அதனால், நேரம் இல்லை என்று சொல்பவர்கள் இந்த வாரம் கிட் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். ஒரு தட்டம் வாங்குங்கள், வீட்டாரிடம் அலுமாரியின் மேல்பகுதியைக் கேட்டு வாங்குங்கள், முதல் மூன்று வேலைகளைக் காகிதத்தில் எழுதுங்கள். இவை மூன்றும் முடிந்த பிறகும் நேரம் கிடைக்கவில்லை என்றால் அப்போது நேரத்தைத் திட்டலாம்.

அடுத்த வாரம் பெட்டியே இல்லாத ஒரு கப்பலுக்குப் போவோம். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938இல் பாய் விரித்தே அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்த அன்னபூரணிதான் அது. அதை நம் மேசையில் கட்ட வேண்டுமென்றால் மரத்தை வெட்டும் முன் அளவு, வரைபடம், பாய்மரக் கயிற்றின் தடிப்பு எல்லாவற்றையும் நாமே தீர்மானித்தாக வேண்டும்.

(தொடரும்)