அட்வான்ஸில் பிடித்தம்: தேய்மானமா, சேதமா?

வாடகைக்கு வீடு விடும்போது இனிக்க இனிக்கப் பேசியவர்கள்கூட, காலி செய்யும் நாளில் அட்வான்ஸ் கணக்கு என்று வந்துவிட்டால் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்கள். "சுவரையே பாழாக்கிட்டீங்க" என்பார் வீட்டுக்காரர். "குடியிருந்தா அழுக்காகாதா?" என்பார் குடியிருந்தவர். நாள்பட்டுத் தானாக வந்த தேய்மானம் எது, நம் கைபட்டு வந்த சேதம் எது என்று பிரித்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

எனக்கு இரண்டு பக்கமும் தெரியும். திருநாவலூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டை நாங்களே வாடகைக்கு விட்டிருக்கிறோம். பெண்ணும் மாப்பிள்ளையும் சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். போன வருஷம் அவர்கள் வீடு மாறியபோது ஒத்தாசைக்குப் போயிருந்தேன். மூன்று வருஷம் இருந்த வீடு. 45,000 ரூபாய் அட்வான்ஸில் 22,000 பிடித்தம் என்று சீட்டெழுதி நீட்டினார் வீட்டுக்காரர். வீடு முழுக்கப் பெயிண்ட், ஜன்னல் கண்ணாடி, ஒழுகும் குழாய், பிரிட்ஜுக்குப் பின்னால் கறுத்த சுவர் எல்லாம் அதில் இருந்தன.

மாப்பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. "கொஞ்சம் பொறுங்க மாப்பிள்ளை, ஒவ்வொண்ணா பாப்போம்" என்றேன்.

நம் மாநிலத்தின் புது வாடகைச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. யார் எதைப் பார்க்க வேண்டும் என்று அதில் பட்டியலே இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, மின்சார ஒயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய்த் திருகும் வாஷரும், ஸ்விட்ச், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டிய பாக்கி போக மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது.

அந்தக் கணக்குப்படி கண்ணாடியும் குழாயும் எங்கள் தலையில்தான். பேரன் கிரேயானில் கிறுக்கிய ஒரு சுவரையும் நாங்களே ஒப்புக்கொண்டோம். வெயிலில் மங்கிய மற்ற சுவர்களுக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம்? பேசிப் பேசி பிடித்தம் 5,500 ரூபாயில் வந்து நின்றது.

வழக்கமான தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பில்லை என்பது புதுச் செய்தி அல்ல. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இருக்கிறது. ஜப்பானிலும் 2020 ஏப்ரல் முதல் இதைச் சிவில் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். பிரிட்ஜுக்குப் பின்னால் சுவர் கறுப்பதும், கனத்த சாமான் வைத்த தடமும் சாதாரணத் தேய்மானமே என்று அந்த நாட்டு அரசு வழிகாட்டியில் இருக்கிறது. சுவர்க் காகிதம் ஒட்டி ஆறு வருஷமானால் அதன் மதிப்பு ஒரு யென்தான் என்று கணக்குப் போடுகிறார்கள். பழையதைக் கெடுத்தவரிடம் புதியதன் முழு விலையைக் கேட்கக்கூடாது என்பதுதான் இதன் நியாயம்.

குடிபோகும் நாளிலேயே சகோதரிகள் செய்ய வேண்டியவை சில உண்டு. பால் காய்ச்சும் முன்பே விரிசல், ஆணி ஓட்டை, ஓதம், ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக் கொள்ளுங்கள். செல்போனில் தேதி தெரியப் படமெடுங்கள். 'காலி செய்யும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிக்கப்படும்' என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கையெழுத்துக்கு முன்பே பேசி எடுக்கச் சொல்லுங்கள். ரிப்பேர் செய்த ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். பிடித்தம் என்று யாராவது சொன்னால், மொத்தமாக ஒரு தொகையாக இல்லாமல், இனம் இனமாகச் சீட்டும் ரசீதும் கேளுங்கள்.

எங்கள் பின்கட்டுக்கும் இப்படி ஒரு தாள் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரிக்கும் அதுதான் பாதுகாப்பு.