டான்சில் எடுத்த பிறகு வரும் இரண்டு வாரம்

மதுரை பழங்காநத்தம் ரவுண்டானாவைச் சுற்றிப் பிழைப்பு நடத்தும் பலருக்குத் தொண்டைதான் முதல். பூக்காரம்மா கூவ வேண்டும், கண்டக்டர் ஸ்டாப்பிங் பெயரைக் கத்த வேண்டும், ஆட்டோக்காரர் சவாரி கூப்பிட வேண்டும். இவர்களில் ஒருவருக்கு டான்சிலை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னால், வீட்டில் எழும் முதல் கேள்வி, "மூணு நாள்ல வேலைக்குப் போயிரலாம்ல?" என்பதுதான். சின்ன வயதில் ஆபரேஷன் முடிந்து, ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே சீக்கிரம் எழுந்து ஓடிய அக்கா மகன் கதையும் கூடவே வரும். பெரியவர்களின் தொண்டை அவ்வளவு வேகமாக ஆறாது. பத்து முதல் பதினான்கு நாள் வரை ஓய்வு கேட்கும். அந்த நாட்களுக்கு முன்பே ஏற்பாடு செய்துகொண்டு ஆபரேஷனுக்குப் போவதுதான் பாதி வைத்தியம்.

யாருக்குத் தேவை?

தொண்டை வலித்தவர்கள் எல்லோருக்கும் இந்த ஆபரேஷன் வேண்டியதில்லை. ஒரு வருடத்தில் 7 முறை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து ஆண்டுக்கு 5 முறை, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து ஆண்டுக்கு 3 முறை கடுமையான தொண்டை அழற்சி வந்திருக்கிறதா என்று டாக்டர்கள் கணக்குப் பார்ப்பார்கள். டான்சிலைச் சுற்றித் திரும்பத் திரும்பச் சீழ் கட்டுவது, குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருவது, ஒரு பக்கம் மட்டும் பெரிதாகிப் புற்றுநோய்ச் சந்தேகம் எழுவது ஆகியவையும் காரணங்கள். பிரிட்டனில் 27 மருத்துவமனைகளில் 453 பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2023-இல் 'லான்செட்' இதழில் வந்தது. இரண்டு ஆண்டுகளில் தொண்டை வலியோடு கழிந்த நாட்கள், ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு 23, மருந்தோடு காத்திருந்தவர்களுக்கு 30 என்ற அளவில் இருந்தன. ஆபரேஷனுக்குப் பிந்தைய வலி நாட்களும் அந்த 23-க்குள் அடக்கம். பலன் உண்டு. அதற்கான விலையை முதல் இரண்டு வாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.

ஐந்தாம் நாள் ஏன் மோசம்?

டான்சிலை எடுத்த இடத்தில் பெரும்பாலும் தையல் போடுவதில்லை. புண்ணைத் திறந்தபடி விட்டு, தானாக ஆற விடுகிறார்கள். பல வருடம் அழற்சி வந்து வந்து போன பெரியவர்களுக்கு டான்சில் அடியிலுள்ள தசையோடு ஒட்டிப்போயிருக்கும். அதைப் பிரித்து எடுத்தபின் தசை மேலாகத் தெரியும். எச்சில் விழுங்கும் ஒவ்வொரு முறையும் அசைவது அதே தசைதான்.

முதல் நாள் மருந்து வேகத்தில் கழிந்துவிடும். "பரவாயில்லையே" என்று தோன்றும். மூன்றாம் நாளிலிருந்து வலி ஏறி, ஒரு வாரம் வரை உச்சத்தில் நிற்கும். அப்போது டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தால், இரண்டு பக்கமும் வெள்ளையும் மஞ்சளுமாக, தயிர் ஆடை போல ஒரு படலம் தெரியும். வாய் நாறும். வீட்டில் பதறிப்போய்ச் சீழ் வைத்துவிட்டது என்பார்கள். அது சீழ் அல்ல. புண்ணை மூடிக் காக்கும் படலம். விரலாலோ பிரஷ்ஷாலோ அதைச் சுரண்டக் கூடாது. மஞ்சள் உப்பு தடவுவதும், பக்குவம் தெரிந்தவர் என்று யாரையாவது கூப்பிட்டுத் தொண்டைக்குள் விரல் விட்டு அழுத்தச் சொல்வதும் ஆபத்து.

காதும் வலிக்கும். காதில் கோளாறு எதுவும் இருக்காது. தொண்டைக்கும் நடுக்காதுக்கும் கிளை விடும் நரம்பு ஒன்றே என்பதால் தொண்டைப் புண்ணின் வலி காதில் தெறிக்கிறது. சொட்டு மருந்து வாங்கி ஊற்ற வேண்டாம்.

குடிப்பதும் மருந்துதான்

வலிக்குப் பயந்து விழுங்காமல் இருந்தால் தொண்டை காய்ந்து வலி இன்னும் கூடும். தூங்கி எழும் நேரத்தில் வலி அதிகமாக இருப்பதும் இதனால்தான். அதனால் வலி மாத்திரையை டாக்டர் எழுதிய நேரத்துக்கு, வலி வருமுன்பே போட வேண்டும். மாத்திரை போட்டு அரைமணி கழித்துச் சாப்பிட உட்கார்ந்தால் விழுங்குவது எளிது. பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. வேறு வலி மாத்திரையிலும் அது கலந்திருக்கலாம். மெடிக்கலில் கேட்டு வாங்கி நாமாகச் சேர்க்கக் கூடாது. ஆஸ்பிரின் ரத்தக் கசிவைக் கூட்டும். இதயத்துக்காக அதைச் சாப்பிடுகிறவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

குளிர்ச்சி ஆகாது, சளி கட்டும் என்று வீட்டில் மூத்தவர்கள் தடுப்பார்கள். இந்தப் புண்ணுக்குக் குளிர்ச்சி இதம். மண்பானைத் தண்ணீர், இளநீர், நீர் மோர், முற்றாத நுங்கு, ஆறிய ராகிக் கூழ், குழைத்த பருப்புச் சாதம், பாலில் ஊறிய இட்லி என்று நம் சமையலறையிலேயே எல்லாம் இருக்கிறது. முந்திரி, பாதாம் துண்டு இல்லாத ஐஸ்கிரீமும் ஜிகர்தண்டாவும் தாராளமாகச் சாப்பிடலாம். தொண்டையில் ஒட்டாமலிருக்க, குடித்தபின் ஒரு மிடறு தண்ணீர் போதும். மதுரைக்காரர்களுக்குப் பிரியமான பருத்திப்பாலில் சுக்கும் தேங்காய்ச் சில்லும் இருக்கும். வீட்டில் காய்ச்சினால் சுக்கைத் தவிர்த்து, வடிகட்டி, ஆற வைத்துக் கொடுங்கள். காரச் சட்னி, புளிக்குழம்பு, மிளகு தட்டிப் போட்ட பால், கசாயம், முறுக்கு, மொறுமொறு தோசை எல்லாம் காத்திருக்கட்டும். பார்க்க வரும் உறவினர்கள் ஆரஞ்சும் சாத்துக்குடியும் வாங்கி வருவார்கள். அந்தப் புளிப்பு புண்ணில் பட்டால் எரியும். "பேசுங்க மதினி, என்ன பண்ணுது?" என்று ஆபரேஷன் ஆனவரையே கேட்காமல், பக்கத்தில் இருப்பவரிடம் விசாரித்துக்கொள்வது நல்லது.

ரத்தம் வந்தால்

படலம் உதிரும் ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு உண்டு. சிலருக்குத்தான் வரும் என்றாலும், குழந்தைகளைவிடப் பெரியவர்களுக்கு அதிகம். எச்சிலில் லேசான சிவப்புக் கோடு தெரிந்தாலும் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். செக்கச்செவேலென்று ரத்தம் வந்தால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, முன்பக்கம் சாய்த்து, விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். நள்ளிரவானாலும், நின்றுவிட்டதாகத் தோன்றினாலும், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆபரேஷன் தியேட்டரும் காது மூக்கு தொண்டை டாக்டரும் உள்ள மருத்துவமனைக்கே போக வேண்டும்.

பழங்காநத்தத்திலிருந்து அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போக ஊரைக் கடந்து, வைகையையும் தாண்ட வேண்டும். கள்ளழகர் ஆற்றில் இறங்கும் சித்ரா பௌர்ணமி சமயத்தில் மருத்துவமனை இருக்கும் கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது. அவசரம் இல்லாத ஆபரேஷனை, அதன் இரண்டாவது வாரம் திருவிழாவில் போய் விழாதபடி தேதி குறித்துக்கொள்ளலாம். ஒரு பொட்டு ரத்தம் பார்க்காத நாட்களிலும் வெளியூர்ப் பயணம், பாரம் தூக்குவது, உடற்பயிற்சி, பீடி சிகரெட் எதுவும் இரண்டு வாரத்துக்கு வேண்டாம்.

ஓய்வு யாருக்குக் கிடைக்கிறது?

எழுதுவதற்கு இரண்டு வாரம் சுலபம். நாலாம் நாளே அடுப்படிக்குத் திரும்பி, வெக்கையிலும் தாளிப்புப் புகையிலும் நிற்கும் பெண்கள் எத்தனையோ பேர். தினக்கூலிக்காரருக்குப் பதினான்கு நாள் என்பது வட்டிக்கு வாங்க வேண்டிய பணம். அதனால் ஆபரேஷன் தேதியோடு மூன்று விஷயங்களை முடிவு செய்யுங்கள். சமையல் யார் பொறுப்பு, கடையை யார் பார்ப்பது, ராத்திரியில் யார் கூட இருப்பது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், செலவுக்கு உதவுமா என்று மருத்துவமனையில் முன்பே விசாரியுங்கள். ஆள் வைத்து வேலை வாங்குகிற முதலாளிகள், டாக்டர் சீட்டில் எழுதிய நாட்களைச் சம்பளம் பிடிக்காமல் கொடுங்கள். வீட்டு ஆண்கள் பதினைந்து நாள் சோறு வடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். டான்சிலை எடுப்பதோடு டாக்டரின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். அந்தப் புண்ணை ஆற்ற வேண்டியது வீடுதான்.